ரூபியைப் பாவமாக்கிய கதை

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் டீச்சர்களுக்கும் சார்களுக்கும் வணக்கம். உங்கள் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு வந்து நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். நான் பேச ஆரம்பித்தால் மதியச் சாப்பாட்டுக்குக்கூட நிறுத்த மாட்டேன் என்பது என் வீட்டுக்காரருக்குத் தெரியும். “எழுதிக் குடுத்துடு, அவங்களாவது தப்பிச்சுக்கட்டும்” என்றார். அதனால் எழுதியே கொடுக்கிறேன்.

பாடக்குறிப்பு எப்படி எழுதுவது, வருகைப் பதிவைக் கம்ப்யூட்டரில் எப்படி ஏற்றுவது, கல்வி அதிகாரியான ஏ.இ.ஓ. ஆபீசில் எந்த மேசை முன்னால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிற்பது, இதெல்லாம் ஆறு மாதத்தில் தானாக வந்துவிடும். வராவிட்டாலும் குடி ஒன்றும் முழுகிவிடாது. நான் சொல்லப்போவது வேறு. இருபத்திரண்டு வருஷ வேலையில் நான் செய்த ஒரே ஒரு தப்பைப் பற்றி. ஒரே ஒரு தப்புதானா என்று என் பழைய மாணவர்கள் யாராவது கேட்டால், கூட்டத்திலிருந்து வெளியே அனுப்பிவிடுங்கள்.

நான் பிறந்தது பாலக்காட்டில், வடகரப்பதிப் பக்கம். கோயமுத்தூர்ப் பேச்சு. கேரள அரசு பி.எஸ்.சி. தேர்வு எழுதி வேலை கிடைத்ததோ இடுக்கியில், ஏலப்பாறைக்கு மேலே தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் ஏழாம் வகுப்பு வரையுள்ள ஒரு தமிழ்வழி யு.பி. பள்ளியில். மூன்று வருஷத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு ஓடிவிட வேண்டும் என்று பெட்டியைக்கூட முழுதாகப் பிரிக்காமல் போனவள், இருபத்திரண்டு வருஷம் அங்கேயே இருந்துவிட்டேன். பிள்ளைகளுக்கு என் பேச்சே வேடிக்கை. அவர்கள் பேசுவது தெற்கத்தித் தமிழ். நான் ‘வாங்க கண்ணு’ என்றாலே வகுப்பு பாதி சிரித்துவிடும். மற்ற டீச்சர்கள் கண்ணை உருட்டி வகுப்பை அடக்குவார்கள். நான் ஒரு கிண்டலில் அடக்கிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஓய்வு பெறுவதற்கு மூன்று வருஷம் முன்னால் ஏழாம் வகுப்புக்கு நான் கிளாஸ் டீச்சர். அந்த வகுப்பில் ரூபி என்று ஒரு பெண் இருந்தாள். அப்பா இல்லை. அம்மா தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். ரூபிக்கு மூச்சு இளைப்பு. எங்கள் பள்ளி மேட்டின் உச்சியில் இருந்தது, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்திலிருந்து வருபவர்கள் கடைசியில் அறுபது எழுபது படி ஏற வேண்டும். மூடுபனி நாட்களில் ரூபி ஏறி வந்து வகுப்பு வாசலில் நின்றால் அவள் நெஞ்சு விசில் அடிப்பது கடைசி பெஞ்சு வரை கேட்கும்.

வகுப்பில் அவளுக்கு இருந்த பெயர் ‘ஜீப்பு’. ஏற்றத்தில் ஜீப்பு முனகுவதைக் கேட்டே வளர்ந்த பிள்ளைகள். அவள் வாசலில் தெரிந்தால் கடைசி பெஞ்சில் ஒருவன் கையை முறுக்கி கியர் மாற்றுவான். அவள் எழுந்து பாடம் வாசித்தால், “ஏத்தம் வருது, ஒதுங்குங்க” என்று ஒரு குரல் வரும். ஹாரன் அடிப்பது அனிதா. அவள்தான் வகுப்பு லீடர். படிப்பில் முதல், கோகோ விளையாட்டில் முதல், இதிலும் முதல். ரூபிக்கும் அவளுக்கும் ஒரே லயம், நாலு வீடு தள்ளி.

நான் சும்மா இருக்கவில்லை. ‘யாரையும் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டேன்’ என்று ஆளுக்கு நூறு தடவை எழுதி வரச் சொல்லி இம்போசிஷன் கொடுத்தேன். எழுதி வந்தார்கள். அதற்குப் பிறகு ஹாரன் சத்தம் நின்று, வெறும் கை சைகை மட்டும் நடந்தது. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் எனக்குப் பின்னால் ஒரு ஜீப் ஸ்டாண்டே இயங்கும். இம்போசிஷனால் திருந்திய பிள்ளை யாராவது உங்கள் பள்ளியில் இருந்தால் எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்கள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. குழந்தைகள் தினத்துக்கு வகுப்பு வாரியாகக் கையெழுத்துப் பத்திரிகை தயார் செய்வது நம் பள்ளிகளில் வழக்கம். உங்களுக்கும் அது விரைவில் தலையில் விழும். அட்டைக்கு வெல்வெட் துணி ஒட்டி, ஓரத்தில் ஜரிகை வைத்து, கடைசியில் டீச்சரே உட்கார்ந்து பாதியை எழுதுவோமே, அதேதான். அந்தப் பத்திரிகையில் நானே ஒரு கதை எழுதுவது என்று முடிவு செய்தேன். பிள்ளைகளைத் திட்டித் திருத்த முடியாது, கதை சொல்லித் திருத்தலாம் என்று யாரோ எங்கேயோ பயிற்சியில் சொன்னது காதில் கிடந்தது. அதோடு, மறைப்பானேன், எனக்குக் கதை எழுதுகிற ஆசையும் ரொம்ப நாளாக இருந்தது.

கதையில் ரூபியை ரோஸி ஆக்கினேன். அனிதாவை அகிலா ஆக்கினேன். பெயரை மாற்றினால் கதையாகிவிடும் என்பது என் இலக்கிய அறிவு. ரோஸிக்கு இளைப்பு. அகிலாவுக்கு இரட்டைப் பின்னல், வகுப்பு லீடர். அகிலாதான் ரோஸிக்கு ‘ஜீப்பு’ என்று பெயர் வைக்கிறாள். ரோஸி தினமும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்று அழுகிறாள். ஒரு கருணையுள்ள டீச்சர் அதைப் பார்த்துவிட்டு அவளை அணைத்துக்கொள்கிறார். அகிலா மனம் திருந்தி மன்னிப்புக் கேட்கிறாள். அந்தக் கருணையுள்ள டீச்சர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு வியாழக்கிழமை கடைசி பீரியடில் அதை வகுப்பில் வாசித்தேன். அடேயப்பா, ஒரு வகுப்பே அழுதது. கடைசி பெஞ்சுப் பயல்கள் சட்டைக் காலரில் மூக்கைத் துடைத்தார்கள். அனிதா விம்மி விம்மி அழுதாள். நானும் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், என் எழுத்தை நானே வாசித்து. ரூபி மட்டும் தலையைக் குனிந்து பெஞ்சை நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள். பிள்ளை நெகிழ்ந்துபோய்விட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

எங்கள் ஹெட்மாஸ்டர் கோட்டயத்துக்காரர், நல்ல மனிதர். தமிழ் வாசிக்கத் தட்டுத்தடுமாறுவார். அவரும் நாலு பக்கத்தையும் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, “டீச்சரே, கம்பீரமாயிட்டுண்டு” என்றார். மலையாளத்தில் பிரமாதம் என்று அர்த்தம். அதோடு விடவில்லை. பக்கங்களைப் போட்டோ எடுத்து பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். ரெண்டே நிமிஷத்தில் கதை லயத்து அம்மாக்கள் அத்தனை பேர் போனிலும் போய் உட்கார்ந்தது. நான் வீட்டுக்கு வந்து எத்தனை பேர் கைகூப்பும் படம் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே தோசை சுட்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டில் முட்டை நாள். எங்கள் பள்ளியில் சோறாக்கும் அம்மா ஒருவர் இருந்தார். வெட்டி வார்த்தை பேசமாட்டார். அவர் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்று, “டீச்சர், அந்த ரூபிப் புள்ள தட்டுல அஞ்சு முட்டை கெடக்கு” என்றார்.

“யாரு வெச்சதுங்க?”

“ஆளாளுக்கு அவுகவுக முட்டையக் கொண்டாந்து வச்சிட்டுப் போறாக. வரிசைலயும் அவளை முன்னால தள்ளி விட்டாக. அவ ஒண்ணையும் தொடல.”

“அட, நல்ல விஷயந்தானுங்களே. புள்ளைங்களுக்கு எரக்கம் வந்திருக்குது.”

அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். “அத்தன பேரு சுத்தி நின்னு பாத்தா, பச்சப்புள்ள எப்படி டீச்சர் திங்கும்?” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்னதை நான் அப்போதே எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். எனக்கோ அனிதாவே ரூபியின் பையைச் சுமந்துகொண்டு போவதைப் பார்த்த சந்தோஷம். என் கதை ஜெயித்துவிட்டது என்ற மிதப்பு.

திங்கட்கிழமை ரூபி வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை அவள் அம்மா மட்டும் வந்தார். கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படுதாவைக்கூட அவிழ்க்காமல், பாதி வேலையில் வந்திருந்தார்.

“டி.சி. குடுத்துருங்க சார்” என்றார் ஹெட்மாஸ்டரிடம். “கம்பத்துல என் தங்கச்சிக்குப் புள்ள பொறந்திருக்கு. இவ அங்க போயி புள்ளையப் பாத்துக்கிட்டு இருக்கட்டும்.”

“அங்கே எந்த ஸ்கூல்ல சேர்க்கப் போறீங்க?” என்று கேட்டேன்.

“பாப்போம் டீச்சர். மொதல்ல போகட்டும்.”

அந்தப் ‘பாப்போம்’ என்னவென்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் சீக்கிரம் தெரியவரும். பன்னிரண்டு வயதில் பிள்ளை பார்த்துக்கொள்ளப் போகிற பெண் ஏழாம் வகுப்புக்குத் திரும்ப வந்து நான் பார்த்ததே இல்லை. ரூபியின் படிப்பு அந்த ஒரு தாளோடு முடியப்போகிறது என்று எனக்குப் புரிந்தது.

“ஏனுங்க, நல்லாப் படிக்கிற புள்ளைங்க. இப்படி நடுவுல நிறுத்தலாமுங்களா?” என்றேன்.

“தோட்டத்துல தல நிமுர முடியல டீச்சர். ‘உம் மக தெனமும் தண்ணித் தொட்டிக்குப் பின்னால நின்னு அழுகுதாமே, பெத்தவ நீ பாக்குறதில்லயா’ன்னு நெரைக்கு நெரை நின்னு கேக்குறாக. அவளும் இனி பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன்னு ஒரே பிடியா நிக்கா. நீங்க நல்லதுக்குத்தான் எழுதுனீக. ஒங்களச் சொல்லல.”

‘உங்களைச் சொல்லவில்லை’ என்று ஒருவர் சொன்னால் நம்மைத்தான் சொல்கிறார் என்று அர்த்தம். ஆனால் அந்த அம்மா மெய்யாகவே என்னைச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஹெட்மாஸ்டர், வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். கேட்ட டி.சி.யை மறுக்க முடியாது. ரெண்டு நாள் தள்ளிப்போடத்தான் முடியும்.

அன்று சாயங்காலமே லயத்துக்குப் போனேன். ரூபி உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து டி.வி. பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் டி.வி.யை அணைத்துவிட்டு எழுந்து நின்றாள். அம்மா அடுப்படிக்குள் பால் இல்லாத கட்டன்சாயா போடப் போனார்.

“கண்ணு, டீச்சர் மேல கோவமா?”

அவள் திருப்பிக் கேட்டாள். “நான் எப்ப டீச்சர் தண்ணித் தொட்டிக்குப் பின்னால நின்னு அழுதேன்?”

“அது கதை கண்ணு. கற்பனை.”

“பேரு மட்டும்தான் கற்பனை. மத்ததெல்லாம் நானு. அழுகுறது மட்டும் நான் இல்ல.” குரல் கீச்சென்று ஏறியது. “அவுக ஜீப்புன்னா நான் அனிதாவ ஹாரன்னு கூப்பிடுவேன். கடேசி பெஞ்சுக்காரன கிளீனர்னு கூப்பிடுவேன். சண்ட போட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். இப்ப ஒருத்தரும் சண்டைக்கே வரமாட்டேங்குறாக. முட்டைய வைக்கிறாக. ‘பாவம் ரூபி’ங்கிறாக. எழுதுறதுக்கு முன்னால எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீகளா?”

கேட்கவில்லை. பத்தொன்பது வருஷம் அந்தத் தோட்டத்துப் பிள்ளைகளோடு இருந்தவள், அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நாலு பக்கம் எழுதியிருக்கிறேன்.

“அப்ப ஜீப்புன்னு கூப்பிட்டது உனக்கு வலிக்கலையா கண்ணு?”

“வலிச்சுது.”

“அதுக்குத்தானே டீச்சர் எழுதுனேன். அனிதா திருந்தோணும்னு...”

“அனிதா வைக்கல டீச்சர் அந்தப் பேர” என்றாள் ரூபி. “நீங்கதான் வச்சீக.”

எனக்கு விளங்கவில்லை. அவளே சொன்னாள். ஜூன் மாதம், பள்ளி திறந்த வாரம், நல்ல மழை. அவள் நனைந்துகொண்டு தாமதமாக வந்து வாசலில் நின்று மூச்சு வாங்கியிருக்கிறாள். நான் கரும்பலகையிலிருந்து திரும்பிப் பார்த்து, ‘என்ன கண்ணு, ஜீப்பு ஏத்தத்துல நின்னு போச்சா? பின்னால கல்லு வெக்கோணுமா?’ என்று கேட்டிருக்கிறேன்.

“எல்லாரும் சிரிச்சாக. நீங்களும் சிரிச்சீக” என்றாள்.

சத்தியமாக எனக்கு அது ஞாபகமே இல்லை. ஆனால் என் வாயிலிருந்து வந்ததுதான் என்பதில் சந்தேகமும் இல்லை. ‘கல்லு வெக்கோணுமா’ என்று அந்த மலையில் என்னைத் தவிர யார் கேட்பார்கள்? ஒரு நாளைக்கு நான் அடிக்கிற நூறு கிண்டலில் அது ஒன்று. மறுநிமிஷம் மறந்துவிட்டு பின்னக் கணக்குக்குப் போயிருப்பேன். அவள் அதை ஐந்து மாதம் அந்த எழுபது படியிலும் தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறாள். நான் வைத்த பெயரைச் சொன்னதற்காக இருபத்தைந்து பிள்ளைகளுக்கு நூறு நூறு தடவை இம்போசிஷன் கொடுத்திருக்கிறேன். அப்புறம் கதையில் என்னைக் கருணையுள்ள டீச்சராகவும் ஆக்கிக்கொண்டேன். வெட்கத்தில் காது சுட்டது.

“அம்மாகிட்ட சொன்னியா?” என்று கேட்டேன்.

இல்லை என்று தலையாட்டினாள். அதே சமயம் அம்மா டம்ளரோடு வந்துவிட்டார்.

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அந்தப் பெண் சொல்லப்போவதில்லை. நான் வாயை மூடிக்கொண்டு டீயைக் குடித்துவிட்டு, ரெண்டு ஆறுதல் வார்த்தை சொல்லிவிட்டு எழுந்து வந்தால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. நல்ல டீச்சர் என்ற பெயர் அப்படியே இருக்கும். மனசு அதற்குத்தான் ஓடியது, பொய் சொல்வானேன். ஆனால் ரூபி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். டம்ளரை வாங்காமல் சொல்லிவிட்டேன். “ஏனுங்க, உங்க புள்ளைக்கு அந்தப் பேரை வெச்சது நான்தானுங்க. அனிதா இல்லைங்க.”

அந்த அம்மா டம்ளரைப் பிடித்தபடியே நின்றார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் வேறு மாதிரி ஆனது. “ஞாயித்துக்கெழம சர்ச்சு விட்டு வரையில அனிதா அம்மாகூட ரோட்டுல வச்சு சண்ட போட்டேனே டீச்சர். ‘உம் மகதான் பேரு வச்சா, கதையிலயே போட்டுருக்கு’ன்னு கேட்டேன். அவ போயி அந்தப் புள்ளைய வெளக்குமாத்தாலயே அடிச்சிருக்கா.”

ஆக, என் ஒரு கதையில் அடிபட்டது ரெண்டு பிள்ளைகள்.

“மன்னிச்சுக்கோங்க” என்றேன்.

“எங்கிட்ட சொல்லி என்ன டீச்சர் ஆகப்போவுது? நீங்க சொன்னத கேட்டுச் சிரிச்சதெல்லாம் அந்த வகுப்புப் புள்ளைகதான. டி.சி. வெள்ளிக்கெழம வந்து வாங்கிக்கிடுறேன்.” டீயைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை ஹெட்மாஸ்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் பதறிப்போனார். “டீச்சரே, கிளாஸ்ல போயி மாப்பு பறைய வேண்டாட்டோ. பிள்ளேர் தலையில ஏறும். பின்னே ஒரு டீச்சர் சொன்னாலும் கேக்கில்ல.” மன்னிப்புக் கேட்டால் பிள்ளைகள் தலையில் ஏறிக்கொள்வார்கள் என்று அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு என்றுதான் எனக்கும் பட்டது. இருந்தாலும் போனேன்.

வகுப்பில் நின்று, “நேத்து ரூபி ஊட்டுக்குப் போயிருந்தேன்” என்று ஆரம்பித்தேன். உடனே முன் பெஞ்சு முகங்களில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. டீச்சர் ஏதோ தமாஷ் சொல்லப்போகிறார் என்று தயாராகிவிட்டார்கள். எனக்கும் நாக்கு நுனியில் ஒரு தமாஷ் வந்து நின்றது. அதைச் சொல்லியிருந்தால் எல்லாம் லேசாகியிருக்கும், நானும் தப்பித்திருப்பேன். விழுங்கிவிட்டேன். ஜூன் மாதம் நான் சொன்னதை அப்படியே சொன்னேன். பெயர் வைத்தது நான், பழியை அனிதா மேல் போட்டு எழுதியது நான், ரூபி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அழுதாள் என்பது பொய் என்றேன். ஒரு கிண்டல்கூட இல்லாமல் ஐந்து நிமிஷம் பேசியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கைக்குட்டை நனைந்துவிட்டது.

கடைசி பெஞ்சிலிருந்து ரூபியின் ‘கிளீனர்’ எழுந்தான். “அப்ப ஒங்களுக்கும் இம்போசிஷன் உண்டா டீச்சர்?”

“உண்டு கண்ணு. நூறு தடவை.”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அனிதா சிரிக்கவில்லை. எழுந்து நின்று, “வகுப்புல சொன்னா பத்தாது டீச்சர். எங்க அம்மாகிட்ட வந்து சொல்லணும். எனக்கு இன்னும் முதுகு வலிக்குது” என்றாள். அன்றைக்கு கதையைக் கேட்டு அவள் அழுததை, திருந்திவிட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் அழுதது, பழி தன் மேல் விழுந்த பயத்தில்.

பள்ளி விட்டதும் அனிதாவோடு போனேன். லயத்து வீடுகளைப் பற்றி உங்களில் சிலருக்குத் தெரியாது. வரிசையாகப் பத்து வீட்டுக்கும் ஒரே கூரை. நடுச்சுவர் கூரை வரை எழும்பாது. ஒரு வீட்டில் தும்மினால் நாலாவது வீட்டில் ‘என்ன, சளியா’ என்று கேட்பார்கள். சாயங்காலம் என்பதால் குழாயடியில் எல்லாப் பெண்களும் குடத்தோடு நின்றிருந்தார்கள். அனிதாவின் அம்மா, “உள்ள வாங்க டீச்சர்” என்றார். “இல்லைங்க, இங்கயே சொல்லீர்றேன்” என்று வாசலில் நின்றேன். உள்ளே போனால் சுருக்கமாகச் சொல்லிவிட்டு வந்துவிடுவேன் என்று எனக்கே என் மேல் நம்பிக்கை இல்லை.

சொன்னேன். குழாயடியில் குடம் நிறைந்து வழிந்தும் யாரும் எடுக்கவில்லை. அனிதாவின் அம்மா மகளை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார்.

“கதையில போட்டதுன்னு நம்பி அடிச்சிட்டேன் டீச்சர்” என்றார். “அடிச்ச அடிய இனி எப்படித் திருப்பி எடுக்க?”

அந்த அம்மா மகளின் தலையை இழுத்துத் தன் இடுப்போடு சேர்த்துக்கொண்டார். நான் படி இறங்கினேன். நாலு வீடு தள்ளி ரூபியின் வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. போய் எட்டிப் பார்க்க மனசு துறுதுறுத்தது. போகவில்லை. போய் நின்றால், ‘பார், சொல்லிவிட்டேன், இனி பள்ளிக்கு வா’ என்று கூலி கேட்பது போல் ஆகிவிடும்.

வெள்ளிக்கிழமை காலை டி.சி. எழுதி, கையெழுத்து போட்டு, முத்திரையும் குத்தி ஹெட்மாஸ்டர் மேசையில் இருந்தது. முதல் மணி அடித்து, அசெம்பிளி முடிந்து, வகுப்பும் ஆரம்பித்துவிட்டது. நான் பலகையில் எதையோ எழுதிக்கொண்டிருந்தேன், எழுத்து கோணல்மாணலாகப் போனது. அப்போது படியில் அந்தச் சத்தம் கேட்டது. விசில்.

ரூபி வாசலில் வந்து நின்றாள். சீருடை போட்டு, பையையும் மாட்டியிருந்தாள். அவளுக்குப் பின்னால் அவள் அம்மா ஆபீஸ் பக்கம் போனார். பிறகுதான் தெரிந்தது, “கம்பத்துக்குப் போகமாட்டேன்னு மல்லுக்கட்டுறா சார், அந்தத் தாளு வேண்டாம்” என்று சொல்லப் போயிருக்கிறார்.

எல்லாரும் ரூபியைப் பார்த்தார்கள், அப்புறம் என்னைப் பார்த்தார்கள். அவள் நெஞ்சு இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது. ‘வா கண்ணு, வந்துட்டியா’ என்று ஓடிப்போய் அணைத்துக்கொள்ள எனக்கு மனசு துடித்தது. என் கதையில் அந்த டீச்சர் அதைத்தான் செய்தாள். நான் பலகையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, “லேட்டு. ஒக்காந்து மூச்சு வாங்கு. அப்பறம் புக்கை எடு” என்றேன்.

அவள் தன் பெஞ்சுக்குப் போனாள். ஒரு நிமிஷம் கழித்து, “டேய் கிளீனர், கால நீட்டாத” என்ற குரல் கேட்டது. “என் காலு, நான் நீட்டுவேன்” என்றான் அவன். ரெண்டு பேரும் அடித்துக்கொண்டார்கள். இருபது நிமிஷம் அதட்டவே இல்லை நான். அவ்வளவு நிம்மதி.

மதியம் தனியாகச் சிக்கியபோது, வாயை அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன். “டீச்சரை மன்னிச்சிட்டியா கண்ணு?”

யோசித்தாள். “இன்னும் இல்ல டீச்சர்.”

“பின்னே எதுக்கு வந்தே?”

“பரீட்சைக்கு மூணு வாரந்தானே இருக்கு” என்றாள், எனக்கு அது தெரியாதது மாதிரி.

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. முதல் தடவை கேட்டதே எனக்காகத்தான் என்று உறைத்துவிட்டது. மன்னிப்பு கேட்பது நம் வேலை. பதில் எப்போது, தருவதா வேண்டாமா என்பது பிள்ளையின் பாடு. நீங்கள் வகுப்பில் சிரிக்க வைக்காதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். நானே கடைசி நாள் வரை சிரிக்க வைத்தேன். ஆனால் அந்த வருஷத்திலிருந்து, ஒரு பிள்ளையின் உடம்பைப் பற்றி வாயில் எது வந்தாலும் விழுங்கிவிடுவேன். வகுப்பே சிரிக்கும்போது யார் சிரிக்கவில்லை என்று ஒரு கண் போட்டுவைப்பேன். பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை, இவ்வளவுதான்.

மார்ச்சில் ஏழாம் வகுப்பு முடிந்தது. எங்கள் பள்ளியில் அதோடு சரி, ஹைஸ்கூலுக்குக் கீழே டவுனுக்குப் போக வேண்டும். கடைசி நாளில் பிள்ளைகள் ஆட்டோகிராஃப் புத்தகத்தை நீட்டுவார்கள், ரோஸ், பச்சை, மஞ்சள் என்று பக்கம் பக்கமாக. நான் ஒவ்வொருவருக்கும் அரைப் பக்கம் எழுதுவேன், சிலருக்குப் பாட்டே கட்டுவேன். அனிதாவுக்கு ஒரு முழுப் பக்கம் எழுதினேன். எல்லாரும் போன பிறகு ரூபி வந்து புத்தகத்தை விரித்து வைத்தாள். தன் மைப் பேனாவை மூடி கழற்றி நீட்டினாள்.

பேனாவை வாங்கிக்கொண்டு யோசித்தேன். சொல்ல எவ்வளவோ இருந்தது. பக்கமும் பெரியதாக இருந்தது.

“டீச்சர்.”

“என்ன கண்ணு?”

“கதை எழுதிராதீக. பேரு மட்டும் போதும்.”

பேரை மட்டும் எழுதிக் கொடுத்தேன். அவள் குனிந்து, மை காயும் வரை மெதுவாக ஊதிவிட்டு, புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.